கப்பல் அடுப்பில் கொதித்த ஆற்றுத் தண்ணீர்

கப்பல் ஏணியை ஒற்றைக் கையால் பிடித்து ஏறி வந்த ஒரே ஒரு பெண்ணைத்தான் என் உத்தியோக காலத்தில் பார்த்திருக்கிறேன்.

தூத்துக்குடியில் அப்போதெல்லாம் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாது என்று வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். இலங்கையில் கண்டித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற ஜனங்களைத் தோணியில் ஏற்றிக்கொண்டு வந்து, கப்பலின் விலாவோடு அணைத்து, தொங்குகிற ஏணியில் ஒவ்வொருவராக ஏறச் சொல்வார்கள். அன்றைக்கு மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று. தோணி ஆளுயரம் எழும்பி ஆளுயரம் இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு கையாலும் பிடித்தவர்களே பாதி ஏணியில் கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டார்கள். இவள் மட்டும் இடது கையைச் சேலைக்குள் விட்டு எதையோ மார்போடு அணைத்தபடி, வலது கையை மட்டும் நம்பி ஏறினாள்.

"ஏ தாயி, ரெண்டு கையாலயும் பிடி! விழுந்தா எடுக்க முடியாது, பாத்துக்கோ!" என்று கீழேயிருந்து தோணிக்காரர்கள் கத்தினார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

மேல்தட்டில் நின்ற நான் கைக்குழந்தை என்றுதான் நினைத்தேன். குனிந்து அவள் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினேன். தட்டில் கால் வைத்தபோது அவள் அணைத்திருந்தது என் முழங்கையில் இடித்தது. குழந்தையின் உடம்பில் அத்தனை குளிர்ச்சி இருக்காது.

"கையில என்ன வச்சிருக்கீய?"

"ஒண்ணுமில்ல தாயி."

"ஒண்ணுமில்லாததுக்கா ஒத்தக் கையால ஏறினிய?"

அவள் என் கோட்டையும் பித்தளைப் பொத்தான்களையும் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சேலையை விலக்கிக் காட்டினாள். ஒரு பித்தளைச் செம்பு. வாயைத் துணியால் கட்டி, துணிமேல் தேன்மெழுகு உருக்கி ஊற்றி அடைத்திருந்தது.

"ஆத்துத் தண்ணி" என்றாள். "முக்கூடல் படித்துறையில மொண்டது."



கோட்டுப் போட்ட பொம்பளை

என்ன ஆயிற்று என்று சொல்வதற்கு முன்னால், இந்தத் தொடரைப் படித்துவிட்டு எழுதிய அம்பாசமுத்திரத்து வாசகர் ஒருவருக்குப் பதில் சொல்லியாகவேண்டும். அந்தக் காலத்தில் தமிழ்ப் பெண் ஒருத்தி கப்பலில் அதிகாரியாக இருந்தாள் என்பதை அவரால் நம்ப முடியவில்லையாம். "நர்ஸாகப் போயிருப்பீர்கள், அதைப் பெரிதுபடுத்துகிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார்.

ஐயா, நான் நர்ஸாகத்தான் போனேன். என்னைப் பெரிதுபடுத்தியது நானல்ல, சாப்பாட்டு மேஜை.

விஷயம் இதுதான். தோட்டத்துக்குப் போகிற கூட்டத்தில் பாதிப் பேர் பெண்கள். நாக்கை நீட்டு, கண்ணைக் காட்டு என்று ஆண் டாக்டர் கேட்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பி நின்றுவிடுவார்கள். காய்ச்சலும் பேதியும் யாருக்கும் தெரியாமல் கப்பலேறி, கொழும்பில் இறங்கும்போதுதான் தெரியவரும். அதனால் பெண்களைப் பார்க்க ஒரு பெண் வேண்டும் என்று கம்பெனி முடிவுக்கு வந்தது. பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கற்று, இங்கிலீஷும் தெரிந்த ஒரு பெண், கிராமத்தில் வேதம் போதிக்கிற உபதேசியார் ஒருவரின் மகள், அகப்பட்டாள். தேவகனி என்கிற நான்தான்.

கப்பலில் ஏறிய பிறகுதான் என்னை எங்கே உட்கார்த்திச் சோறு போடுவது என்ற கேள்வி வந்தது. மாலுமிகளோடு ஒரு பெண்ணை உட்கார வைக்க முடியாது. பிரயாணிகளோடு உட்கார்ந்தால் உத்தியோகஸ்தி என்ற மரியாதை இருக்காது. மிச்சம் இருந்தது அதிகாரிகளின் மேஜை. மேஜையில் உட்காருகிறவர் அதிகாரியாகத்தானே இருக்கவேண்டும்? என் பெயரை அதிகாரிகள் வரிசையில் கடைசியாக எழுதி, வெள்ளைக் கோட்டின் கையில் நீலப் பட்டை ஒன்று தைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

கோட்டைத் தைத்தவர் பாளையங்கோட்டையில் எங்கள் சபைப் பாதிரிகளான ஐயர்மாருக்கு அங்கி தைக்கிற தையற்காரர். அவருக்குத் தெரிந்த உருவம் அது ஒன்றுதான். கோட்டு முழங்காலுக்குக் கீழே இறங்கி, பிரசங்க பீடத்தில் ஏறப்போகிறவள் போல என்னைக் காட்டியது. பித்தளைப் பொத்தான்களில் நங்கூரம் பொறித்திருக்கும். சேலைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோவிலுக்குப் போனேன். பாட்டு நடுவில் நின்றுபோயிற்று. அன்று சாயங்காலத்துக்குள் எனக்குக் 'கப்பல்காரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெண் கேட்டு வந்துகொண்டிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் வழியை மறந்துபோனார்கள்.

வேலையை நான் செய்த முறை வேறு. யாரையும் பரிசோதிக்கிறேன் என்று சொல்லமாட்டேன். ஏணியின் தலைமாட்டில் நின்று ஒவ்வொரு பெண்ணையும் மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி ஏற்றுவேன். அந்தப் பிடியிலேயே நாடி தெரிந்துவிடும், சூடு தெரிந்துவிடும். "பைய, பைய, பாத்து வாங்க" என்று முகத்துக்கு நேரே குனிந்தால் கண்ணும் நாக்கும் தெரிந்துவிடும். கை கொடுத்த மகராசி என்று அவர்கள் வாழ்த்திவிட்டுப் போவார்கள்.

ஒற்றைக் கையால் ஏறியவளின் நாடி நன்றாகத்தான் இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. வினை செம்பில் இருந்தது.

என் அக்கா குடித்த ஆறு

அந்த வருஷம் ஆற்றங்கரை ஊர்களில் வாந்திபேதி. ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் ஜனம் கூடிக் கலைந்த பிறகு, நோயும் ஆற்றோடு கீழே இறங்கி வந்தது. எந்தப் படித்துறைத் தண்ணீரையும் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது என்று தண்டோரா போட்டார்கள். வெளித் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கப்பலில் ஏறக்கூடாது என்பது எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. கரையிலிருந்த முகாமில் ஜனங்களை நாள்கணக்கில் நிறுத்திவைத்து, மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். இவள் செம்பை எங்கே ஒளித்துக் கொண்டுவந்தாள் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எனக்கு இந்த உத்தரவு வேண்டியே இருக்கவில்லை. என் அக்கா நேசம்மாள் அதே முக்கூடல் படித்துறைத் தண்ணீரைக் குடித்துச் செத்தாள்.

அப்பா அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உபதேசியாராக இருந்தார். எனக்குப் பாவாடை கட்டத் தெரிந்த வயது. அக்கா எனக்கு மூன்று நாலு வயது மூத்தவள். காலையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவள் சாயங்காலம் பேசமுடியாமல் கிடந்தாள். கடைசியில் தண்ணீர் தண்ணீர் என்றாள். அம்மா அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் பால் புகட்டுகிற பாலாடையில் ஊற்றினாள். வேறென்ன தண்ணீர் இருந்தது எங்களுக்கு? அதைத்தான் குடித்தோம், அதில்தான் சமைத்தோம், அதில்தான் அவளைக் குளிப்பாட்டி எடுத்தோம்.

பல வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில், காய்ச்சின தண்ணீரில் அந்த நோய் இருக்காது என்று வகுப்பில் சொன்னபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஒரு கட்டு விறகு இருந்தால் பிழைத்திருப்பாளே என்று நினைத்து நினைத்து அழுதேன். நான் யாருக்கும் வளைந்துகொடுக்காதவள் என்று பேர் எடுத்திருக்கிறேன். தண்ணீர் விஷயத்தில் நான் வளையாமல் போனது அன்றையிலிருந்துதான்.

அவள் யாருக்குக் கொண்டுபோனாள்

கங்காணி தோணியிலிருந்து ஏறி வந்தார். கூலிக்கு ஆள் கூட்டிப்போகிறவர் அவர்தான். செம்பைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏளா பேச்சி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அதக் கடல்ல ஊத்து. ஒன்னால எல்லாரையும் திருப்பி அனுப்பிருவாவ!"

பேச்சியம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள். நாற்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்து, களையெடுத்துக் களையெடுத்து விரல் நுனி பிளந்துபோன உடம்பு.

"எங்க வீட்டு ஆளு கண்டியிலதான் இருக்காவ. போயி ரொம்ப வருசம் ஆச்சு. நெஞ்சுச் சளி முத்தி தோட்டத்துக் கூலி லயத்துல படுத்துக் கெடக்காவளாம். அங்கனயிருந்து வந்த ஆளு சொன்னான், 'ஒரு வாய் ஆத்துத் தண்ணி வேணும், அது இல்லாம உசுரு போமாட்டேங்கு'ன்னு சொல்லுதாவளாம். கொண்டாந்து ஊத்துதேன்னு வந்த ஆளுகிட்ட சொல்லி அனுப்பிட்டேன். அவிய காத்துக் கெடப்பாவ."

ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பிற ஜில்லாக்காரர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கடைசி மூச்சு இழுக்கும்போது வாயில் ஆற்றுத் தண்ணீர் ஊற்றவேண்டும். எந்த மதத்துக்காரர் வீட்டிலும் வழக்கம் இதுதான். வேறு ஊரில் சாகப்போகிறவன் தங்கத்தையா கேட்பான்? இதைத்தான் கேட்பான்.

செம்போடு அவளைத் தட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, நான் நேராகக் கப்பித்தானிடம் போனேன். கப்பல் தலைவரான வெள்ளைக்காரரை எங்கள் கடற்கரைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மறைத்து வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு திருட்டுத்தனம் செய்ய எனக்கு வராது.

அவர் கெட்டவரல்ல. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"கொட்டச் சொல்லு. மாட்டேன் என்றால் அவளைத் தோணியில் இறக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இந்தத் தட்டில் ஒரு பெண்ணுக்கு வயிறு கலங்கினால்கூட அடுத்த பயணத்தில் உன் இடத்தில் ஒரு ஆண் கம்பவுண்டர் இருப்பான். அதற்கப்புறம் எந்தப் பெண்ணையும் கம்பெனி எடுக்காது. நான் பயமுறுத்தவில்லை. எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்கிறேன்" என்றார்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் இந்த வேலைக்காகக் காத்திருந்தார்கள். என் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவர்கள். நான் இங்கே இளகினால், பொம்பளை மனசு, வேலைக்கு ஆகாது என்று அவர்கள் வழியையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள்.

திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். "கொட்டச் சொல்லுதாவ, தாயி" என்றேன்.

அவள் அழவில்லை. செம்பை இன்னும் இறுக்கமாக அணைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

"காச்சித் தாரேன். கொட்ட வேண்டாம். இங்கன அடுப்புல நல்லாக் கொதிக்க வச்சு ஆத்தித் தாரேன், கொண்டு போங்க" என்றேன்.

அப்போதுதான் அவள் முகம் மாறியது. நான் ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது போல என்னைப் பார்த்தாள்.

"காச்சினா அது செத்துல்லா போவும்! ஆறுன்னா ஓடணும், இல்ல குளுந்து கெடக்கணும். நெருப்புல வச்சுட்டா அது பொணம். பொணத்தையா தாயி அவிய வாயில ஊத்தச் சொல்லுதீய?"

எனக்கு உடனே கோபம் வந்தது. செத்துப்போவது தண்ணீரல்ல, அதற்குள் இருக்கிற எமன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. என் அக்காவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஆனால் பேச்சியம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து விலகிப் போனேன்.

சாரங்கு மீரான்

மாலுமிகளுக்குத் தலைவன் சாரங்கு. எங்கள் கப்பலின் சாரங்கு காயல்பட்டினத்து மீரான். தாடி நரைத்தவர். நான் கப்பலேறிய நாளிலிருந்து என்னோடு முகங்கொடுத்துப் பேசாதவர். பெண் கால் பட்டால் ஆகாது என்று கப்பலின் முன்பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கயிற்றைப் போட்டுவைத்திருந்தார். கயிற்றைத் தாண்டிப் போக எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் தினமும் அதைப் பார்க்கும்போது எரிச்சலாக இருக்கும்.

அன்றைக்கு அவராகவே வந்தார்.

"என்னம்மா, அந்தப் பொம்பள என்னத்த வச்சுக்கிட்டு இப்படி உக்காந்திருக்கா?"

சொன்னேன். அவர் தலையிலிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க உம்மா மக்காவுக்குப் போயிட்டு வந்தப்ப ஸம்ஸம் தண்ணி கொண்டாந்தா. பெட்டகத்துல பூட்டி வச்சிருக்கோம். மவுத்தாவும்போது வாயில ஒரு சொட்டு விடணும்னு சொல்லிருக்கா."

"அதக் காய்ச்சச் சொன்னா காய்ச்சுவியளா காக்கா?" என்று கேட்டேன். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

அவருக்கு முகம் இருண்டுவிட்டது. "வாயக் கழுவும்மா" என்றார்.

கீழே கடைசித் தோணி காலியாகி விலகுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. பேச்சியம்மாளை இறக்குவதென்றால் அதில்தான் இறக்கவேண்டும்.

மீரான் துணியை மறுபடி தலையில் கட்டிக்கொண்டார். பிறகு பேச்சியம்மாளின் அருகே போய், இரண்டு கையை விரித்தால் வருகிற ஒரு பாக தூரம் தள்ளித் தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உம்மா கதையை அவளுக்கும் சொன்னார். கடைசியில் சொன்னார்:

"நானா இருந்தா காய்ச்சமாட்டேன், ஆத்தா. ஆனா கடல்ல கொட்டுன்னு சொல்லிட்டாங்கன்னு வையி, அப்பக் காய்ச்சுவேன். கொட்டினா ஒண்ணுமே மிஞ்சாதுல்லா."

பேச்சியம்மாள் செம்பின் மெழுகை விரலால் தடவினாள். தோணிக்காரர்கள் கீழேயிருந்து கூப்பிட்டார்கள். கங்காணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"சரி" என்றாள் கடைசியில். "பொணத்தையாவது கொண்டு சேக்கேன்."

அடுப்படியில்

கறி வேகிற பாத்திரத்தில் ஊற்றக்கூடாது என்றாள். நியாயம்தான். செம்போடு அப்படியே அடுப்பில் வைத்தோம். மெழுகை உடைத்துத் துணியை அவிழ்த்தவள் அவள்தான். சமையல்காரர் நிலக்கரியைத் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றார். வாசலில் அவளோடு வந்த முக்கூடல் பெண்களும் ஆழ்வார்குறிச்சிப் பெண்களும் கூடிவிட்டார்கள்.

தண்ணீர் சூடேற ஆரம்பித்ததும் ஒரு வாசனை வந்தது. ஈர மணல் வாசனை, கொஞ்சம் பாசி, கொஞ்சம் மருதமரத்து வேர். நிலக்கரிப் புகையும் எண்ணெய் நாற்றமும் நிறைந்த அந்த இரும்புக் கப்பலுக்குள் எங்கள் ஆறு வந்து நின்றது. "நம்ம ஆறு" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

கொதி வந்தபோது பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். வீட்டிலிருந்து பிணத்தைத் தூக்கும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படித்தான் போடுவார்கள். மற்ற பெண்களும் போட்டுக்கொண்டார்கள்.

நான் நர்ஸ். கொதிக்கிற தண்ணீரைப் பார்த்துச் சந்தோஷப்படக் கற்றவள். அன்றைக்குக் கண்ணீர் விட்டேன் என்று சொல்ல வெட்கம் இல்லை. அக்காவுக்காக அழுதேனா, ஆற்றுக்காக அழுதேனா என்றுதான் தெரியவில்லை. நன்றாகக் கொதிக்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் விட்டேன். அதில் நான் இளகவில்லை.

ஆறிய பிறகு புதுத் துணியைக் கொதிநீரில் நனைத்துப் பிழிந்து செம்பின் வாயைக் கட்டினேன். மேலே அரக்கு உருக்கி ஊற்றினேன். கொழும்பில் கேட்டால் காட்ட ஒரு முத்திரை வேண்டுமே? என்னிடம் ஏது முத்திரை? கோட்டைக் கழற்றி, நெஞ்சுப் பொத்தானை இளகின அரக்கில் அழுத்தினேன். நங்கூரம் அழகாகப் பதிந்தது. கப்பலில் எல்லார் எதிரிலும் நான் கோட்டைக் கழற்றியது அது ஒரு தடவைதான்.

கப்பித்தான் வந்து பார்த்தார். கொட்டாமல் காய்ச்சியதைச் சொன்னேன். "உன் முத்திரை என்றால் உன் பொறுப்பு" என்றார். "ஆமாம்" என்றேன்.

பேச்சியம்மாள் செம்பை வாங்கிக்கொண்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொழும்பு போய்ச் சேரும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் ஊர்க்காரிகளும் அப்படித்தான். ஏணியில் மகராசி என்று வாழ்த்தியவர்கள் அன்று என் கையால் கஞ்சி வாங்க மறுத்துவிட்டார்கள்.

கொழும்பில் துறைமுக டாக்டர் செம்பைப் பார்த்து நிறுத்தினார். அரக்கில் பதிந்த நங்கூரத்தைத் தடவிப் பார்த்து, யார் வைத்தது என்று கேட்டார். கப்பித்தான் என் பக்கம் கையைக் காட்டி, "எங்கள் அதிகாரி" என்றார். அதுவரை அவர் என்னை அந்தச் சொல்லால் குறிப்பிட்டதில்லை. அந்தப் பயணத்தில் யாருக்கும் ஒரு வயிற்றுவலிகூட வரவில்லை. எனக்குப் பின்னால் காத்திருந்த இரண்டு பெண்களும் அடுத்த வருஷமே கப்பலேறினார்கள்.

இதை நான் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். பல மேடைகளில் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை. இந்த மிச்சத்தை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

இரண்டு கையாலும்

அடுத்த தைப் பொங்கல் கழிந்து, கொழும்பிலிருந்து ஊர் திரும்புகிறவர்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். ஏணியில் ஒரு பெண் ஏறி வந்தாள். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துப் பைய ஏறினாள். மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிய பிறகுதான் அடையாளம் தெரிந்தது. பேச்சியம்மாள். கழுத்தில் தாலி இல்லை.

அவள் மற்றவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் தூத்துக்குடிக் கரை ஒரு கோடாகத் தெரிந்தபோது அவளாக வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நான் போயிச் சேரும்போது அவியளுக்கு மூச்சு இருந்துச்சு, தாயி" என்றாள். "'கொண்டாந்துட்டியாளா'ன்னு கேட்டாவ. செம்பக் காட்டினேன். முத்திரைய அவியதான் ஒடைச்சாவ, நகத்தால."

கப்பல் ஓரத்துக் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின.

"பாலாடையில ஊத்தினேன். குடிச்சாவ. கண்ண மூடிக்கிட்டு, 'முக்கூடல் படித்துறையில கால் வச்சு நிக்க மாதிரி இருக்குளா, மீன் வந்து கடிக்கி'ன்னாவ. ரெண்டாம் வாயும் கேட்டாவ. ஊத்தினேன். சிரிச்ச மொகமாத்தான் போனாவ."

நான் அவள் தோளைத் தொடப் போனேன். அவள் விலகிக்கொண்டாள்.

"அது செத்த தண்ணின்னு நான் சொல்லல. 'ஆத்துத் தண்ணிதான'ன்னு ஒரு தரம் கேட்டாவ. ஆமான்னுட்டேன். கலியாணம் ஆன நாள்லேருந்து அவியகிட்ட நான் ஒரு பொய் சொன்னதில்ல. கடேசியில, சாவப்போற நேரத்துல, சொல்லிட்டேன். இத வேற யாருகிட்டயும் எறக்கி வைக்க முடியாது. ஒங்களுக்கும் எனக்குந்தான் தெரியும்."

கடல் அன்றைக்கு எண்ணெய் போலக் கிடந்தது.

"நீங்க படிச்சவிய. நீங்கதான் அத அடுப்புல வச்சீய. சொல்லுங்க தாயி. அவிய குடிச்சப்ப அந்தத் தண்ணிக்கு உசுரு இருந்துச்சா?"

எனக்கு வாய் நிறையப் பதில் இருந்தது. தண்ணீருக்கு உயிர் ஏது? சாவு ஏது? கொதித்த தண்ணீரும் கொதிக்காத தண்ணீரும் ஒன்றுதான், நோய் மட்டும்தான் போகும். ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்திருக்கலாம். உயிரோடுதான் இருந்தது, நீ கலங்காதே என்று சமாதானமும் சொல்லியிருக்கலாம். இரண்டையும் அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்டவள் ஆறுதலுக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"எனக்குத் தெரியல, தாயி" என்றேன்.

"ஒங்களுக்கும் தெரியாதா?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ பெண்களை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கியிருக்கிறேன். கப்பலில் என் கையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு நின்றது அன்றுதான். தோணிகள் வந்து அணையும்வரை அப்படியே நின்றோம். அவளை நான் மறுபடி பார்க்கவில்லை.

மீரான் சாரங்கு முன்பக்கத்தில் போட்டிருந்த கயிற்றை எப்போது எடுத்தார் என்று எனக்கு ஞாபகமில்லை. ஒரு நாள் பார்த்தேன், இல்லை.

ஆறுகளின் பெயர்கள்

அதற்குப் பின்னால் பெரிய யுத்தம் வந்தது. என்னை மருத்துவக் கப்பல் ஒன்றுக்கு எடுத்தார்கள். கோட்டின் கையில் இன்னொரு பட்டை ஏறியது. நான் நடந்து போகும்போது சிப்பாய்கள் சலாம் வைத்தார்கள். அம்பாசமுத்திரத்து ஐயா இதையும் நம்பமாட்டார். போகட்டும்.

அந்தக் கப்பலில் காயம்பட்டுக் கிடந்தவர்கள் எந்தெந்த ஊரையோ சேர்ந்தவர்கள். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் கடைசி நேரத்தில் தண்ணீர் கேட்கும்போது ஒவ்வொருவனும் ஒரு பெயரைச் சொல்வான். முதலில் பெண்டாட்டி பெயர் என்று நினைத்தேன். விசாரித்தால், ஆற்றின் பெயர். கப்பல் தொட்டியில் இருந்த காய்ச்சின தண்ணீரைத்தான் எல்லாருக்கும் ஊற்றினேன். "இதுதானா?" என்று கண்ணால் கேட்டவர்களுக்கு, ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஒவ்வொரு தடவையும் பேச்சியம்மாள் என் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்பது போல இருக்கும்.

அவள் கேட்டதற்குப் பதில் அவர்கள் முகங்களிலும் கிடைக்கவில்லை. சிலர் சிரித்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இப்போது பாளையங்கோட்டையில் என் தம்பி மகளோடு இருக்கிறேன். எனக்கு நெஞ்சு அடிக்கடி அடைக்கிறது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல எனக்கு டாக்டர் வேண்டாம். அத்தைக்குக் கடைசியில் எந்தத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று போன வாரம் அவள் சுற்றி வளைத்துக் கேட்டாள். பச்சைத் தண்ணீர் ஆகாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளாயிற்றே, அவளுக்குச் சந்தேகம்.

முக்கூடலுக்கு ஆள் அனுப்பி, படித்துறையில் ஒரு செம்பு மொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அதை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற வைத்து ஊற்றச் சொல்லியிருக்கிறேன். பேச்சியம்மாள் புருஷன் குடித்தது எதுவோ அதையே நானும் குடிக்கவேண்டும். அதற்கு உயிர் இருந்ததா என்று அப்போது எனக்குத் தெரிந்துவிடும்.

பேச்சியம்மாள் எனக்கு முன்னாலேயே போயிருப்பாள். அங்கே என்னைப் பார்த்தவுடன் அதைத்தான் கேட்பாள்.